நிலவழகனுடன் சாப்பிட்ட ஞாயிறுகள்

ஹோட்டலுக்குப் போனால் என்ன வாங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு எப்போதும் என்னுடையதுதான். ராபினுக்கு எல்லாமே வேண்டும், எதிலும் பாதிக்கு மேல் சாப்பிட மாட்டான். நிலவழகனுக்கு எது வந்தாலும் சரி, சூடாக வர வேண்டும். அதனால் சப்ளையர் வந்து நின்றதும் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

என் பெயர் மரியசெல்வம். வயது ஐம்பத்தொன்று. ஆவூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். நிலவழகன் கீரமங்கலத்தில் விதைக்கடை வைத்திருந்தான். ராபின் புதுக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறான். கல்லூரி விடுதியில் மூவருக்கும் ஒரே அறை. விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போய்ச் சாப்பிட ஆரம்பித்தோம். படிப்பு முடிந்து, கல்யாணம் ஆகி, பிள்ளைகள் வளர்ந்து, அந்தப் பழக்கம் முப்பது வருடம் நிற்கவே இல்லை. நான் சர்ச்சில் பூசை முடிந்து வருவேன், ராபின் காரை எடுத்து வருவான். கடலோரம் போனால் நண்டும் இறாலும். டவுனுக்குள் என்றால் ஒரு சந்து மெஸ்ஸில் குடல் குழம்பு. திருச்சி சாலையில் நார்த்தாமலைப் பக்கம் ஒரு கொட்டகைக் கடையில் நாட்டுக்கோழி.

நிலவழகன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாப்பிடும்போது பேச மாட்டான். ரசம் வந்த பிறகுதான் வாயைத் திறப்பான். இலையை மடித்துவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போய், அடுப்படியில் வியர்வையோடு நிற்கிறவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவான். மாவட்டத்தில் பாதிக் கடைகளில் எங்களுக்குக் கூடுதல் குழம்பு கிடைத்தது அவன் கும்பிட்ட கும்பிடால்.

இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்து, அதற்கு மேல் ஒரு மடக்கு கூடக் கொடுக்க மாட்டாள் ஷர்லி. ஷர்லி அவன் மனைவி, எங்கள் ஊர்ப் பெண். அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் ஒருவரும் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தன் சிறுநீரகத்தைக் கொடுக்க அவள்தான் முதலில் நின்றாள். சர்க்கரை இருப்பதால் கூடாது என்றுவிட்டார்கள். அவனுடைய அண்ணன் செல்லமுத்து, விஷயம் தெரிந்த பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

சில மாதம் அவன் எங்களோடு வரவில்லை. பிறகு அவனாகவே வந்தான். நாங்கள் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்ப்பான். அவன் முன்னால் இலை போட வேண்டாம் என்று ராபின் சொன்னால் கேட்க மாட்டான்.

"எலைய போடச் சொல்லுடா. வெறும் எலையா இருந்தாலும் பரவால்ல. நீங்க சாப்புடுங்க, நான் பாக்குறேன்."

போன வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிறு. அந்தச் சந்து மெஸ். குடல் குழம்பு வந்ததும் நிலவழகன் குனிந்து அதன் ஆவியை மூக்கில் இழுத்தான். ராபின் சோற்றில் கை வைத்தபடியே அழ ஆரம்பித்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழாதடா," என்று ராபினிடம் சொன்னேன். பிறகு நிலவழகனிடம், "என்னோடத எடுத்துக்கடா மாப்ள. எனக்கு எதுக்கு ரெண்டு," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அன்று குழம்பு நன்றாக இருந்தது. வயிறு நிறைந்திருந்தது. அந்த மாதிரி நேரத்தில் யாருக்கும் எதையும் கொடுத்துவிடலாம் போலத்தான் இருக்கும். நிலவழகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எச்சில் கை என்றுகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குப் பிடித்திருந்தன. அதை மறைக்க மாட்டேன். ஃபாதர் பூசையில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். பள்ளியில் ஆசிரியர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ராபின் என் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்து 'உயிர் நண்பன்' என்று போட்டான். என் மனைவி ஜெயராணி மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒங்களால முடியலைன்னா இப்பவே சொல்லிருங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க," என்றாள். அவளுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். நான் கோபித்துக்கொண்டேன்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சோதனைகள் நடந்தன. எல்லாம் பொருந்தியது. சொந்தக்காரன் இல்லை என்பதால் அனுமதிக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு முன் ஒரு பெண் டாக்டர் என்னைத் தனியறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

"சார், உங்களுக்குக் கொஞ்சமாவது தயக்கம் இருந்தா என்கிட்ட சொல்லுங்க. பொருந்தலைன்னு நாங்களே சொல்லிருவோம். உங்க மேல யாருக்கும் வருத்தம் வராது."

"எனக்கு முழுச் சம்மதம் மேடம்," என்றேன்.

அவர் கண் கலங்கியது. வெளியே வந்தபோது ஷர்லி நாற்காலியிலிருந்து எழுந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொருந்தவில்லையாம் என்று யார் சொல்ல முடியும்? பொய் சொல்வதில் எனக்கு விருப்பமும் கிடையாது.

பயம் அதற்குப் பிறகு வந்தது. இடது பக்க விலாவுக்குக் கீழே கை தானாகப் போய் நிற்கும். கரும்பலகையில் எழுதும்போது போகும், பூசையில் நன்மை வாங்கப் போகும்போது போகும். அனுமதி கிடைத்து, ஜூன் பன்னிரண்டு என்று தேதி குறித்துவிட்டார்கள். தேதி வந்ததும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் அந்த மேசையில் படுக்கப் போவதில்லை. படுக்க மாட்டேன் என்று சொல்லப் போவதும் இல்லை.

மருத்துவமனையோடு போனில் பேசுவதெல்லாம் நான்தான். ஏப்ரலில் அங்கே உள்ள உணவு ஆலோசகரைக் கூப்பிட்டு, ஆபரேஷன் வரைக்கும் அவன் எதையெல்லாம் தொடக் கூடாது என்று கேட்டேன். இளநீர், வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கருவாடு, சூப். அந்தம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். இவற்றில் உள்ள பொட்டாசியம் அவன் உடம்பை விட்டு வெளியேறாது, ஏறிக்கொண்டே போய் இதயத்தை நிறுத்திவிடும் என்று விளக்கினார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர் என்பதால் எனக்குக் குறிப்பெடுத்துத்தான் பழக்கம்.

அன்று மாலையே கீரமங்கலம் போனேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒடம்புல தெம்பு ஏறணுமாம். ஞாயித்துக்கெழம ஒரு வேள மட்டும் என்ன வேணும்னாலும் சாப்புடலாம்னு டயட்டீஷியனே சொல்லிட்டாங்க," என்றேன்.

"நெசமாவாண்ணே?" என்றாள் ஷர்லி.

நிலவழகன் வீட்டுக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். மறுநாளே ஞாயிறு என்பது போல.

ஐந்து ஞாயிறுகள் கிடைத்தன. என்ன வாங்குவது என்று நான்தான் சொன்னேன். முதல் வாரம் தக்காளி ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். அவன் அதைச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து சப்ளையரே நின்றுவிட்டார். சாப்பிட்டு முடித்துச் சமையல்கட்டுக்குப் போய்க் கும்பிட்டான். அந்த மாஸ்டர், "எங்கய்யா ரெண்டு வருசமா அடுப்படிப் பக்கம் ஆளக் காணோம்?" என்று அவனைக் கட்டிக்கொண்டார். எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. நான் கொடுமைக்காரன் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள், தள்ளித் தள்ளி அது ஒரு நாள் நின்றுபோகும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

டயாலிசிஸ் செய்கிற இடத்தில், "என்ன சார் சாப்பிட்டீங்க, இவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் சொன்னான். இங்கே உள்ளவர்களுக்குத் திருச்சி முறை தெரியாது, சொல்லிக்கொள்ளாதே என்றேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினான். அதற்குப் பிறகு சூப், அதற்குப் பிறகு கருவாட்டுத் தொக்கு. மெஷின் ஒவ்வொரு செவ்வாயும் அவனைக் கழுவி எடுத்துக் கொடுத்துவிடும். தேதியும் மாறவில்லை. மே மாதக் கடைசியில் நான் ஒரு வெள்ளிக்கிழமை கடலோரம் போகலாம் என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் வெளிச் சாப்பாடு கிடையாது, ஒரு தடவை மெஷினுக்குப் போகாவிட்டால் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஷர்லிக்குத் தெரிய வேண்டாம் என்று அவனே சொன்னான்.

வெள்ளிக்கிழமை நண்டு சாப்பிட்டோம். ஞாயிறு நார்த்தாமலைப் பக்கத்துக் கொட்டகைக் கடை. நாட்டுக்கோழி சூப் இரண்டு கிண்ணம், சாப்பாடு, வாழைப்பழம். வெளியே மரத்தடியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. நான் அவனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"தொண்ட நனையுதுடா," என்றான். "தொண்ட முழுசா நனைஞ்சு ரெண்டு வருசமாச்சு."

இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன்.

கார் வரைக்கும் நடக்க அவனால் முடியவில்லை. காலில் கல்லைக் கட்டிவிட்டது போல் இருக்கிறது என்றான். உதடு மரத்துப்போகிறது என்றான். ராபின் பயந்துவிட்டான்.

"மாப்ள, நேரா ஆஸ்பத்திரிக்கு விட்ருவோமா?"

"ஞாயித்துக்கெழம அங்க யாரு இருப்பா? வெயிலுதான். செவ்வாக்கெழம மெஷின்ல உக்காந்தா சரியாயிரும்," என்றேன்.

ராபின் எப்போதும் நான் சொல்வதைக் கேட்பவன். அவனை இதில் சேர்க்காதீர்கள். காரில் நிலவழகன் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தான். கீரமங்கலம் வரும்வரை நேரம் இருந்தது. வழியில் எத்தனையோ ஆஸ்பத்திரிப் போர்டுகளில் சிவப்புச் சிலுவை இருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவன் அப்படியே விழுந்துவிட்டான். ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருந்தது.

அடக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் முதலில் ஷர்லியிடம் போய்விட்டு அடுத்து என்னிடம் வந்தார்கள். ஷர்லி என் காலடியில் உட்கார்ந்து, "நீங்க குடுக்குறேன்னு நின்னும் வாங்கிக்க அவருக்குக் குடுத்து வைக்கலையேண்ணே," என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. இனிமேல் நான் எவரோடும் உட்கார்ந்து சாப்பிடப் போவதில்லை என்பது அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ராபின் அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு கூப்பிட்டான். ஒருமுறை போனோம். மூன்று இலை போட்டுவிட்டார்கள். இருவரும் சாப்பிடாமல் எழுந்து வந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஷர்லி கோப்புகளை வாங்கத் திருச்சி போயிருக்கிறாள். உணவு ஆலோசகர் அவளைப் பார்த்து வருத்தப்பட்டு, "இவ்ளோ கட்டுப்பாடா இருந்தவருக்கு எப்படிம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஷர்லி, "ஞாயித்துக்கெழம சாப்புடலாம்னு நீங்கதான மேடம் சொன்னீங்க," என்றிருக்கிறாள்.

அங்கிருந்து நேராக என் பள்ளிக்கு வந்தாள். மதிய உணவு நேரம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அவள் கேட்டாள், நான் சொன்னேன். இங்கே எழுதியிருப்பது அத்தனையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"ஏண்ணே வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல? சொல்லியிருந்தா மெஷின்லயே இன்னும் பத்து வருசம் ஓட்டியிருப்பாரே. நான் பாத்திருப்பேனே."

"நீ வருத்தப்படுவியேன்னுதாம்மா," என்றேன்.

அவள் வரிசையில் நின்ற பிள்ளைகளைத் தாண்டி வெளியே போனாள். பிறகு உங்களிடம் வந்தாள்.

ஐயா, சுருக்கமாக எழுதச் சொன்னீர்கள், நீண்டுவிட்டது. என் நண்பன் நிலவழகனுக்கு எது ஆகாதோ அதைத் தெரிந்து, திட்டமிட்டு, ஐந்து ஞாயிறும் ஒரு வெள்ளியும் வாங்கிக் கொடுத்து, அவனைக் கொன்றவன் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஷர்லியை அடுத்த முறை பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவன் கேட்ட எதற்கும் கடைசி வரைக்கும் நான் இல்லை என்று சொன்னதே கிடையாது.