வராதவனும் காணாமற்போனவனும்

எனக்கு இங்கிலீஷில் பிழை வராது, ஐயா. எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் ரைட்டர் வேலை. என் ரிப்போர்ட்டில் துரை ஒரு சொல்லைக்கூடத் திருத்தியதில்லை.

அப்சென்ட், மிஸ்ஸிங் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் இல்லை, அவ்வளவுதானே என்பார்கள். அப்படியில்லை. அப்சென்ட் என்றால் வேலைக்கு வராதவன். மூன்று நாள் பார்த்துவிட்டுப் பெயரை அடித்துவிடலாம். மிஸ்ஸிங் என்றால் யாராவது போய்த் தேடியாக வேண்டும்.

எழுபத்தொன்பது ஜூலை, திங்கட்கிழமை. கரடியூர்ப் பக்கச் சரிவில் நிழல்மரக் கிளைகளைக் கழிக்கச் சித்தனைத் தனியாக அனுப்பினேன். மழை ஓயும்வரை அங்கே யாரும் போகக் கூடாது என்று துரை சொல்லியிருந்தார். ஆனால் வேலை கிடப்பில் கிடந்தது. "வழுக்குமுங்க" என்றான் சித்தன். போகச் சொன்னேன். சாயங்காலம் அவன் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் அவன் மனைவி அருக்காணி கைக்குழந்தையோடு ஆபீஸுக்கு வந்தாள்.

"ஏனுங்க ரைட்டருங்க, அவரு ஊட்டுக்கே வரலைங்க. காணோமுன்னு எழுதித் தொரைகிட்டக் குடுங்க. ஆளு உட்டுத் தேடுவாங்க."

அவள் கண்ணெதிரிலேயே அப்சென்ட் என்று எழுதினேன். படிக்கத் தெரியாதவள். கையெடுத்துக் கும்பிட்டாள். மிஸ்ஸிங் என்று எழுதினால், அவனை எங்கே அனுப்பினாய் என்றுதான் துரை முதலில் கேட்பார்.

நான் ஈரமில்லாதவன் அல்ல. மதியம் நானே சரிவுக்குப் போனேன். பள்ளத்தில் பாறை இடுக்கில் கிடந்தான். ஒரு கால் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. "வந்துட்டீங்களாங்க" என்றான். ஆளைக் கூட்டிவருவதாகச் சொன்னேன். அதற்குள் ரிப்போர்ட் துரையிடம் போயிருந்தது. போனதை எப்படித் திருத்துவது?

சாயங்காலம் அருக்காணி மறுபடி வந்தாள். சித்தன் திங்கட்கிழமை மத்தியானமே லீவு சொல்லிவிட்டுக் குப்பனூர்ப் பாதையில் இறங்கினான் என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளும் அந்தப் பாதையில் இறங்கினாள்.

புதன்கிழமையும் சரிவுக்குப் போனேன். குரல் மெலிந்திருந்தது. வியாழக்கிழமை குரல் இல்லை. வெள்ளிக்கிழமை பெயரை அடித்தேன்.

போன வாரம் அந்தச் சரிவில் புதர் வெட்டியவர்கள் எலும்பைக் கண்டெடுத்ததால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். கொன்றதாக எழுதுகிறீர்கள், எழுதுங்கள். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை அவன் தண்ணீர் கேட்டான். நான் மறுக்கவில்லை, ஐயா. கொண்டுவருகிறேன் என்றுதான் சொன்னேன்.