‘லீவு’ என்று சொல்லாமல் ஹஃபீஸா லாத்தாவுக்கு வழங்கும் பிரியாவிடை மடல்

குவைத், ஃபர்வானியாவில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளோருக்கான ரிஃப்கா சிறப்பு மையத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி, குடும்ப உதவிப் பிரிவின் பொறுப்பாளராக இன்று ஓய்வுபெறும் திருமதி ஹஃபீஸா கலீலுர் ரஹ்மான் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் ஒன்றுகூடிப் படித்தளிப்பது.

அன்பும் அதட்டலும் ஒரே குரலில் அமையப்பெற்ற எங்கள் லாத்தாவே!

இத்தகைய மடல்களில் ‘தாங்கள்’ என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால், “யாரைச் சொல்றீங்க வாப்பா?” என்று பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே ‘நீங்கள்’ என்றே எழுதுகிறோம். அக்காவை ‘லாத்தா’ என்பது நீங்கள் கீழக்கரையிலிருந்து கொண்டுவந்த வழக்கம். இன்று மலையாளி நர்ஸ் முதல் எகிப்துக்காரக் காவலாளி வரை எல்லோருக்கும் நீங்கள் லாத்தாதான். காவலாளி மட்டும் அதை உங்கள் குடும்பப் பெயர் என்று நம்பி, பார்சல் வந்தால் ‘மேடம் லாத்தா’ என்று எழுதி வைக்கிறார். திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

கோப்பைத் திறக்காமலே குடும்பத்தைப் படித்தவரே!

இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் முதல் முறை இங்கே வரும்போது, குழந்தையைவிடக் கனமான மருத்துவக் கோப்பு ஒன்றும் வரும். அதை வாங்கி மேசையில் வைத்து, அதன் மேல் தேநீர்க் கிளாஸையும் வைத்துவிட்டு, “புள்ள எதுக்குச் சிரிக்கும்?” என்று கேட்பீர்கள். குழந்தை எதைச் செய்வதில்லை என்று ஐந்தாறு இடங்களில் சொல்லிச் சொல்லி ஓய்ந்து வந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே புதிது. ஒரு தகப்பனார், “எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா சிரிப்பான் மேடம்” என்றார். “அப்ப நம்ம கிச்சன்லேருந்து ஆரம்பிப்போம்” என்றீர்கள். அந்தச் சிறுவன் எண்ணக் கற்றது எங்கள் சமையலறையில், சுழலும் விசிறிக்குக் கீழே, வெங்காயங்களை வைத்து.

சங்கடங்களைச் சபைக்குக் கொண்டுவந்த சகோதரியே!

குழந்தைகள் வளர்கிறார்கள் என்பது எங்களுக்கே சில சமயம் மறந்துபோகும், உங்களுக்கு மறந்ததில்லை. மீசை முளைத்த மகனுக்குச் சவரம் செய்யத் தெரியாமல் தாய்மார் திணறியதைக் கண்டு, பஸ் ஓட்டும் யஹ்யா பாயை ஆசிரியராக்கினீர்கள். பதினொரு இளைஞர்கள், பதினொரு கண்ணாடிகள், ஒரே ஒரு யஹ்யா பாய். “யல்லா, கன்னத்தை உப்புங்கடா!” என்று அவர் தன் கன்னத்தை உப்பிக் காட்ட, பதினொரு பேரும் அவருடைய கன்னத்தில் நுரை பூசினார்கள். அன்று பஸ்ஸின் ஸ்டீரிங்கில்கூட நுரை இருந்தது. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்தபோது தாய்மாருக்குத் தனிக்கூட்டம் நடத்தினீர்கள். “ஆம்பளைங்க வெளிய, டீ மட்டும் உள்ள வரலாம்” என்று கதவைச் சாத்தினீர்கள். உள்ளே எழுந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, அப்படி என்னதான் பாடம் என்று வியந்தபடி நாங்கள் வராந்தாவில் நின்றோம்.

தவற்றை ஒப்புக்கொள்ளத் தயங்காத தகைமையாளரே!

பாராட்டு மடலில் பிழையைப் பேசுவது வழக்கமில்லை. ஆனால் இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களைச் சொன்னதாகாது.

வேலை முடிந்து, விசாவை ரத்துசெய்து, ஒரேயடியாக ஊர் திரும்புவதை இங்கே ‘கேன்சல்ல போறது’ என்போம். அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ‘லீவுல போறோம்’ என்று சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டி கட்டுவதுதான் நம் எல்லோருடைய பழக்கம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கிரேன் ஓட்டுநர் கார்மேகம் கேன்சலில் போனபோது, அவருடைய மகன் வீரபாண்டிக்கு இருபத்தொன்பது வயது. தகப்பன் விசா முடிந்தால் மகனுடையதும் முடியும். “லீவுதான் பாண்டி” என்று எல்லோரும் சொன்னோம். நீங்களும் சொன்னீர்கள். வீரபாண்டிக்கு லீவு என்றால் நாற்பத்தைந்து நாள். நாற்பத்தாறாம் நாள் காலை, இளையான்குடிப் பக்கத்துக் கிராமத்தில், அவர் குளித்து, ஷூ அணிந்து, நம் மையத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்காக வாசலில் நின்றார். வெயில் ஏறியும் உள்ளே வரவில்லை. தொடர்ந்து ஒன்பது நாள் அப்படியே நின்றார்.

செய்தி வந்ததும் மதுரைக்கு விமானம் ஏறினீர்கள். அந்த வாசலில் அவர் பக்கத்தில் போய் நின்று, “பாண்டி, குவைத் கலாஸ், முடிஞ்சுபோச்சு. பஸ் வராது. லாத்தா பொய் சொல்லிட்டேன் வாப்பா” என்றீர்கள். அவர் அட்டையைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டு, ஷூவோடு போய்ப் படுத்துக்கொண்டார் என்று கார்மேகம் எங்களிடம் சொன்னார். அன்று முதல் எந்தக் குடும்பமும் கேன்சலுக்கு ஓராண்டு முன்பே உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஊரில் இருக்கப்போகும் வீடு, குளியலறை, கூட இருக்கப்போகும் ஆள், எல்லாவற்றுக்கும் பிள்ளையிடம் காட்டப் படம் வரவேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் அழைத்து உட்காரவைத்து, தாய்தகப்பனுக்குப் பிறகு பார்த்துக்கொள்வது யார் என்பதைப் பெற்றோரின் முன்னாலேயே பேசவைத்தீர்கள். கண்ணீரும் போண்டாவும் சம அளவில் தீர்ந்த கூட்டங்கள் அவை.

இவ்வளவும் அறிந்த நாங்கள் மூன்று வாரங்களுக்கு முன் என்ன செய்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். உங்கள் கேன்சல் தாள் வந்த அன்று, நம் மையத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது விஷால் பஸ்ஸில் கேட்டார்: “லாத்தா எங்க போறாங்க?” யஹ்யா பாய், “லீவுலடா, வந்துடுவாங்க” என்றார். ஆசிரியை பானுப்பிரியா தலையாட்டினார். மறுநாளும் நாங்கள் அத்தனை பேரும் அதையே சொன்னோம். விஷால் நாள்காட்டியில் எண்ணிப் பார்த்து, நீங்கள் திரும்பிவரும் தேதியை உங்களிடமே வந்து சொன்னபோதுதான் அகப்பட்டுக்கொண்டோம். சமையலறையில் எங்களை வரிசையாக நிறுத்தி, “ஒன்பது வருஷமா நான் பேசுனது செவுத்துக்கிட்டயா?” என்று கேட்டீர்கள். பிறகு எங்கள் முன்னிலையில் விஷாலிடம், “லாத்தா கேன்சல். இங்க வேலைக்குத் திரும்ப வரமாட்டேன்” என்றீர்கள்.

விஷால் இரண்டு நாள் பஸ் ஏறவில்லை. அவருடைய தாயார் விஜி உங்களிடம் தொலைபேசியில் அழுதார். விஷாலின் பத்தொன்பதாவது வயதில் பிடித்த ஆசிரியர் ஒருவர் சொல்லாமல் போய்விட, ஏழு மாதம் அறையை விட்டே வெளிவராமல் கிடந்தவர் அவர். “மறுபடி அந்த ஏழு மாசம் எனக்குத் தாங்காது லாத்தா” என்றார் விஜி. மூன்றாம் நாள் விஷால் வந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “வியாழக்கிழமை யாரு?”

வியாழன்தோறும் மையத்தின் காலை உணவுக்கு ஜமியா கூட்டுறவுக் கடைக்குப் பக்கத்து ஈரானி ரொட்டி அடுப்பில் இருபது ரொட்டி வாங்கிவருவது விஷாலின் வேலை. துணைக்குப் போவது நீங்கள். வரிசையில் நிற்க அவருக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கவே ஓராண்டு ஆயிற்று. ரொட்டியை அவர் எண்ணும் கண்டிப்பைப் பார்த்து அடுப்புக்காரர் “யா முதீர்!” என்று மேனேஜர் பட்டம் கொடுத்திருக்கிறார். அந்த முதீரிடம் நாங்கள் முதலில், “பாக்கலாம் விஷால்” என்றோம். அவர் அதைப் பதிலாக ஏற்கவில்லை. ‘பாக்கலாம்’ என்பது ஒரு ஆளின் பெயர் அல்லவே.

எனவே கூடிப் பேசி முடிவெடுத்தோம். சென்ற வாரம் பானுப்பிரியா உங்கள் இருவருடனும் வந்தார். சூடான ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “ஒட்டிக்கும்! பரப்பி வைங்க மிஸ்! தெரியாதா?” என்று விஷால் அதட்டிய அதட்டலில் உங்கள் குரலே கேட்டது. இன்று காலை நீங்கள் வாசலோடு நின்றுகொண்டீர்கள். இருவர் மட்டும் போனார்கள். நாற்பது நிமிடம் நீங்கள் உட்காரவே இல்லை, நாங்களும்தான். பத்தொன்பது ரொட்டியோடு திரும்பினார்கள். இருபதாவதை முதீர் வழியிலேயே சாப்பிட்டுவிட்டார்.

லாத்தாவே! நீங்களும், அத்தர் கடையை அடைத்துவிட்டு உங்களோடு புறப்படும் உங்கள் கணவராகிய எங்கள் மச்சானும், மூட்டுவலி எட்டாத கால்களோடும் முழுத் தூக்கத்தோடும் நெடுங்காலம் வாழவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு வீடியோ கால் போட்டு, எங்கள் வேலையில் குறை கண்டுபிடிக்கும் அளவுக்குக் கண்ணும் காதும் கூர்மையாக இருக்கவேண்டும்.

எழுதித் தந்தால்தான் நம்புவேன் என்று ஒருவர் சொல்லியிருப்பதால், அதையும் சபையறிய எழுதுகிறோம்: வரும் வியாழன் முதல் ரொட்டிக்குப் பானுப்பிரியா வருவார். அவர் லீவில் போனால் யஹ்யா பாய். யஹ்யா பாயும் லீவில் போனால் நர்ஸ். யார் கேன்சலில் போனாலும், போவதற்கு முன் விஷாலிடம் நேரில் சொல்லிவிட்டு, அடுத்த ஆளையும் காட்டிவிட்டே போவார்.

இங்ஙனம்,
ரிஃப்கா மையப் பணியாளர்கள்

விஷால்
(வாசித்துக் காட்டினோம். நர்ஸுக்கு அடுப்புக் கடைக்கு வழி தெரியாது, தானே காட்டிக்கொடுப்பதாகச் சொல்லிக் கையெழுத்திட்டார்.)