பதினஞ்சு கலமும் ஒரு முட்டையும்

பயப்படாதீங்க நானா, போத்தல் வாயில பஞ்சு எறுக்கி அடைச்சிருக்கேன். ஒரு ஈ வெளிய வராது. ரயில் விட்டு எறங்குற வரைக்கும் உங்க பேரிக்காய்க்கு நான் பொறுப்பு.

வெளாட்டு இல்லீங்க, இதுதான் என் வேல. பேராதனைக் கெம்பஸ்ல. போன வருசந்தான் பட்டம் எடுத்தேன். ஆமா, பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவன்தான். எங்க தோட்டத்துக் கிளாக்கரய்யாவும் இப்பிடித்தான் சிரிச்சாரு, ஈ மேய்க்கவாடா இவ்வளவு படிச்சேன்னு. ஆமாங்க, அதுக்குத்தான்னேன்.

இந்த ஈயோட முட்டை தனியா வளராதுங்க. கூடப்பொறந்த பதினஞ்சு கலம் அதுக்கு ஊட்டும். கலம்னா கண்ணுக்குத் தெரியாத சின்ன அறைன்னு வச்சுக்குங்க. ஒண்ணுக்கொண்ணு நடுவுல ஓட்டை இருக்கும். அது வழியா உள்ளதெல்லாம் முட்டைக்கு ஊத்திட்டு, பதினஞ்சும் செத்துரும்.

இந்தப் போத்தல்ல அது நடக்காது. தாய் தகப்பன் வழியா வர்ற பரம்பரையலகு ஒண்ணு கெட்டுப்போச்சு. அது நல்லா இருந்தா, கலத்துக்குள்ள கொடி கட்டுன மாதிரி இழை இழுத்துக் கட்டி, கருவ, அதான் கலத்து நடுவுல இருக்கிற உருண்டைய, அசையாமப் பிடிச்சு வைக்கும். இழை இல்லாட்டி, ஊத்துற நேரம் கரு வந்து ஓட்டைய அடைச்சிரும். முட்டை குட்டையா நின்னுரும். அப்பிடித்தான்னு நெனைக்கிறேன், இன்னும் நிரூபிக்கல்ல.

பொரிக்காட்டி இனம் எப்பிடி நிக்குதா? சரியான கேள்வி. கேடு ஒரு பக்கம் மட்டும் வந்த பொட்டைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக வழியா நிக்குது. நான் பதினஞ்சு நாளைக்கொருக்கா சாப்பாடு மாத்தணும். இல்லாட்டி எல்லாம் போச்சு.

தாய் மாதிரின்னு சொல்லாதீங்க நானா. கலத்துக்கு மனசு கெடையாது. எனக்காகப் பள்ளிக்கூடத்த விட்டுட்டுக் கொழுந்து பறிச்சாளே என் தங்கச்சி நேசராணி, அவளுக்கு இருக்கு.

இதே ரயில்ல மூணாவது பெட்டியில இருக்கா, அம்மா அப்பாவோட. ஈ நாத்தம் ஆகாதுன்னு என்னைய இங்க தள்ளிட்டாங்க.

எங்க போறாங்களா? தலைமன்னாருக்கு. அங்கருந்து கப்பல். அப்பா எப்பவோ எல்லாருக்கும் சேத்து இந்தியாவுக்கே போறோம்னு எழுதிக் குடுத்துட்டாரு. என் பாஸ்போட்டும் அவர் பையிலதான் கெடக்கு. கெடக்கட்டும். இலங்கை, இந்தியா ரெண்டு நாட்டுக்காரங்க மேசையில ஒக்காந்து எங்களப் பங்கு போட்டா, என்னைய யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

நான் கப்பலுக்குப் போகல்ல, பேராதனையிலயே எறங்கிருவேன்.

இல்ல நானா, மூணாவது பெட்டியில இருக்கிறவங்களுக்கு இன்னும் தெரியாது.