சாவி அக்காவுக்கு ஏழு கையெழுத்துகள்

சிறுதொழில் வளர்ப்பு மையத்தின் பொது ஆய்வகத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் கண்ணுங்கருத்துமாய்க் காத்து, இன்று பணிநிறைவு பெறும் பொறுப்பாளர் அவர்களே! பூட்டிய அறைகளையும் பூட்டிவைத்த எங்கள் ரகசியங்களையும் ஒருசேரக் காத்த பெருந்தகையே! எங்கள் சாவி அக்காவே! வாழ்த்துவதற்காக எழுந்து நிற்கிறோம். தலையை நிமிர்த்தத்தான் முடியவில்லை.

ஏழு அறைகள், ஏழு நிறுவனங்கள். நிறுவனத்துக்கு மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். ஆனால் எங்கள் அலட்டலோ அரண்மனை அளவு! பொது மேசையில் நடக்கும் சோதனையைக் கறுப்புத் துணியால் மூடினோம். புட்டிகளில் பொய்ப்பெயர் ஒட்டினோம். 'சர்க்கரை' என்று எழுதிய புட்டிகள் மட்டும் பத்தொன்பது! எதில் என்ன என்றறிந்த ஒரே ஆள் நீங்கள். எவர் ரகசியத்தையும் எவரிடமும் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தீர்கள்.

பலகைத் தடுப்புக்கு இப்புறம், தண்ணீர் வடிகட்டும் படலம் செய்தார் படலக்காரர். பத்தே நாளில் ஓரம் பிரிந்துவிடும். தடுப்புக்கு அந்தப்புறம், நீரில் ஊறினாலும் விடாத பசையை வைத்துக்கொண்டு, எதில் ஒட்டுவதென்று விழித்தார் பசைக்காரர். மூன்று ஆண்டுகள்! இரண்டையும் கண்டும் வாய்திறக்க முடியாத நீங்கள், இருவருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமையில் உலர்த்தும் அடுப்பை ஒதுக்கினீர்கள். "ரெண்டு பேரும் ஒரு தடவ சேந்து உக்காந்து டீ குடிங்களேன்" என்று எத்தனை முறை கெஞ்சினீர்கள்!

நாங்கள் குடித்தோமா? "அக்கா நம்ம விஷயத்த அடுத்த ரூமுக்குக் கடத்துறாங்க" என்று குசுகுசுத்தோம். அறைக்கு ஒருவராக ஏழு பேரும் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தோம். உங்கள் சாவி பறிபோனது. பதினொரு மாதம் வாசலில் வருகைச்சீட்டு எழுதினீர்கள். விசாரணையில் உண்மையை விளக்கியிருந்தால் தப்பியிருப்பீர்கள். அதற்கு ஒருவர் குறையை இன்னொருவர் முன் சொல்லியாக வேண்டும். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றீர்கள். அதையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம், பாவிகள்!

பிறகொரு நாள் குழாய் வெடித்து, தடுப்பு சரிந்து, எல்லாப் பொருள்களும் ஒரே மேசைக்கு வந்தன. மற்றப் புட்டிகளின் சீட்டெல்லாம் நனைந்து உரிய, பசைக்காரர் தம் பசையால் ஒட்டிய 'சர்க்கரை' மட்டும் அசையவில்லை. படலக்காரர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மூன்று ஆண்டுச் சிக்கல் கால்மணி நேரத்தில் தீர்ந்தது; நீங்கள் எதையும் கடத்தவில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

சாவி திரும்பி வந்தது. மன்னிப்பு எவர் வாயிலிருந்தும் வரவில்லை. உங்களைக் கடக்கும்போது கைபேசியைப் பார்ப்பதுபோல் நடித்தோம். நீங்களோ, "அடுப்பு சூடாயிருக்கு, சீக்கிரம் வாங்கப்பா" என்று எப்போதும்போல் அழைத்தீர்கள். அந்த அன்புதான் எங்களைக் கூசவைக்கிறது.

அந்தப் புகார் நேற்றுவரை உங்கள் பணிக்கோப்பில் கிடந்தது. இன்று காலை ஏழு பேரும் மேலாளர் முன் நின்று, அது பொய்யென்று எழுதிக் கொடுத்தோம். அதன் நகல், இந்த வாழ்த்துமடலைப் போட்டிருக்கும் கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம் இருக்கிறது. எந்தப் பக்கத்தைச் சுவரில் காட்டுவதென்பது உங்கள் விருப்பம்.

நலமும் நிம்மதியும் நாளும் பெருக, நாங்கள் கெடுத்த தூக்கத்தையெல்லாம் ஆசைதீரத் தூங்கி, நெடுங்காலம் வாழ்வீராக!

அன்று புகாரை எழுதிய பசைக்காரன்தான் இதையும் எழுதி, உங்கள் முன் வாசித்து நிற்கிறேன். கீழே டீ போட்டு வைத்திருக்கிறோம், அக்கா. எங்களோடு சேர்ந்து உட்காருவீர்களா?

புகாரில் இருந்த அதே வரிசையில்,
ஏழு அறைக்காரர்கள்