வட்டத்துக்குள் ஒரு காலனி

— பேனாவக் குடுங்க அறிவழகன், வெளையாடாதீங்க. மாடியில கமிட்டி காத்துக்கிட்டிருக்கு.

— ஆனி ரோஸ் மேடம், அந்த மார்க்க மட்டும் இப்பப் போட்டுறாதீங்க.

— ஏங்க? புது டவுனுக்குப் போட்டிக்கு வந்த திட்டங்கள்லயே இதுதான் உருப்படி. பெரம்பலூருக்கு ரயில் வந்தா, ஸ்டேஷனச் சுத்தி வீடு, ஸ்கூல், சந்தை. எல்லாமே நடக்குற தூரம்.

— அந்தத் தூரத்த எப்புடி அளந்தாங்க தெரியுமா? ஸ்டேஷன்ல காம்பஸக் குத்தி ஒரு வட்டம் போட்டுட்டாங்க. காக்கா பறந்தா சரியா இருக்கும். நாம காக்காவுக்கா டிக்கெட் குடுக்கப் போறோம்? மேப்புல இந்தக் காலனியப் பாருங்க. வட்டத்துக்குள்ளதான் இருக்கு. ஆனா தண்டவாளம் வந்தா அதுக்கு அந்தாண்ட மாட்டிக்கும். ஸ்டேஷனுக்கு வரணும்னா பாலம் வரைக்கும் போயி சுத்தணும்.

— இங்க பாருங்க, அவங்களுக்கு என்ன கவலை? கம்பெனி பஸ் வாசல்ல வந்து நிக்கும்.

— எந்தக் கம்பெனி?

— சிமெண்ட் கம்பெனிதான். அரியலூர்ல நான் வளந்ததே காலனியில. அப்பா அங்க வாத்தியார்.

— மேடம், நீங்க சொல்றது குவார்ட்டர்ஸு. இது ஊர்க் காலனி. ஊருக்குள்ள இடமில்லன்னு ஒதுக்கி வச்ச காலனி.

— மாதாவே! திட்டம் போட்டவங்களும் என்ன மாதிரியே நெனச்சுட்டாங்களா?

— ஆமா. 'எல்லா வசதியும் உள்ள குடியிருப்பு'ன்னு போட்டுட்டு, வழியே வைக்கல. இப்ப வெட்டவெளியில நேரா நடந்து ரோட்டுக்குப் போயி பஸ் ஏறுறாங்க. ரயில் வந்தா அதுவும் போச்சு.

— அதுக்காக மார்க்கக் கொறச்சா இந்தத் திட்டமே விழுந்துரும். அடுத்தது கார் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் போட்ட டவுன். அது பரவாயில்லையா உங்களுக்கு?

— கொறைக்க வேணாம். மார்க்கப் போட்டு, கூடவே ஒரு நிபந்தனை எழுதுங்க. தண்டவாளத்துக்கு அடியில ஒரு நடைபாதை.

— வாயால சொல்லிட்டீங்க. அந்தாண்ட அது எந்த எடத்துல மேல வரும்? படி வச்சா வயசானவங்க, சைக்கிள் தள்றவங்க ஏற முடியாது. சரிவா ஏறணும்னா நீளமா எடம் வேணும். அங்க வரிசையா வீடுல்ல இருக்கு?

— ஓரத்துல ஒரே ஒரு வூட்ட எடுத்தா போதும் மேடம். நேத்து நானே டேப்பு புடிச்சுப் பாத்துட்டேன்.

— கமிட்டி மொதல்ல அதத்தான் கேக்கும். அந்த வீட்டுக்காரங்க சம்மதிச்சுட்டாங்களா?

— எங்கம்மாகிட்ட இன்னும் கேக்கல மேடம்.