குட்டிகள் முடித்த வழக்கு

எழுபதுகளில் ஒருநாள் திருவள்ளூரில் ஊத்துக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஓர் ஆட்டையும் இரண்டு குட்டிகளையும் கயிற்றில் பிடித்திருந்தார்.

“இந்தக் குட்டிங்கதான் என் கேஸ முடிச்சு வெச்சுதுங்க” என்றார், பக்கத்தில் நின்ற பெரியவரிடம்.

“இன்னா நைனா சொல்ற?”

“திருடு போன ஆட்ட போலீசு மீட்டு என் கையில குடுத்துச்சு. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு இட்டாந்து காட்டணும். நடுவுல இது ரெண்டு குட்டி போட்டுடுச்சு. பால் குடிக்கிறத ஊட்ல உட்டுட்டு வர முடியுமா? இன்னிக்கு மூணையும் இட்டாந்தேன்.”

“அப்பால?”

“‘ஒரு ஆடுன்னுதானே எழுதியிருக்கு, மூணு நிக்குதே?’ன்னு மேஜிஸ்ட்ரேட் கேட்டாரு. ஒரு வருசமா எடுக்கவேயில்லன்னு சாதிச்சவன், கூண்டுல நின்னுக்கினு பதறிப்போய்க் கும்பிட்டான்: ‘சாமி, சத்தியமா நான் ஒண்ணுதான் எடுத்தேன்!’”