அல்லிக் கூடை

அட, கொன்னுட்டீங்களேம்மா. இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், பாத்தாலே தெரியுது. பாதி இலை மஞ்சளடிச்சிருக்கு, மீதி ஒண்ண ஒண்ணு முட்டித் தள்ளிக்கிட்டு நிக்குது. இந்த அல்லி எவ்ளோ கெட்டி ஜாதின்னு தெரியுமா? தண்ணி மேல ஐஸ் உறைஞ்சாக்கூட அடியில உயிரப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும். இதையே சாகடிக்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும். செடிக் கடைக்காரரா அனுப்பினாரு? அனுப்புவாரு, அனுப்புவாரு. விக்கறது அவரு, வைத்தியம் பாக்கறது நானு.

சரி, உள்ள கொண்டாங்க. செருப்பு இருக்கட்டும், இங்க தரையே சேறுதான். அந்த ஜன்னலோரமா ஸ்டூல் இருக்கு பாருங்க, உக்காருங்க.

ஃபவுண்டன் வேற வெச்சீங்களா? அழகா இருக்கும்னா? யாருக்கு அழகு? இலை மேல சொட்டு சொட்டா விழுந்துக்கிட்டே இருந்தா இதுக்கு ஆகவே ஆகாது. அசையாத தண்ணி, நல்ல வெயில், வேற என்ன கேக்குது இது? பால்கனியில வெயில் வராதா? அப்ப பிளாஸ்டிக் பூ வாங்கி மிதக்க விட்டிருக்கலாமே, பேசாம.

பூக்கவே இல்லயா? எப்ப பாத்தீங்க? இருட்டினப்புறமா? நாற்காலி போட்டா? ஐயோ, சிரிக்காம என்ன பண்றது. அல்லின்னா நிலா வந்தாத்தான் விரியும்னு எந்த மகராசன் சொன்னது? அது வேற அல்லிம்மா. இது காலைல விரிஞ்சு, மதியம் தாண்டினா மூடிக்கும். இதோ பாருங்க, அழுகின காம்பு. பூத்திருக்கு. நீங்க வேலைக்குப் போன நேரத்துல பூத்து, நீங்க வர்றதுக்குள்ள மூடி, செத்தும் போயிருக்கு.

கொஞ்சம் தள்ளுங்க, தண்ணிக்குள்ளேருந்து கூடையத் தூக்கறேன், தெறிக்கும். ம். களிமண்ணுதான் போட்டிருக்கு, பரவால்லயே. கிழங்க ஓரமா சாய்ச்சு, முளை மட்டும் வெளிய தெரியற மாதிரி வெச்சிருக்கு. நட்ட கை விவரமான கைதான். மண்ணு கரைஞ்சு போகாம இருக்க உள்ள துணி கூட...

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி சில்லுனு இருக்கு.

யாரு குடுத்தா இத? கட்டிக்கப் போறவரா? ஓ. அவரே நட்டாராமா? தன் கையாலயே மண்ணு பிசைஞ்சு, கிழங்கப் பிரிச்சு? பெரிய ஆளுதான். நிலாக் கதையும் அவரு விட்டதுதானே? நெனச்சேன். முளைய எப்படி வெக்கணும்னு தெரிஞ்சவருக்கு, பூ எப்ப விரியும்னு தெரியலையாம். நீங்களும் நம்பிட்டீங்க.

கோவமா? எனக்கென்னம்மா கோவம். செடிய இந்தக் கோலத்துல பாத்தா வயிறு எரியுது, அவ்ளோதான்.

வார நாள்லதான் உங்ககூட இருப்பாரா? சனி ஞாயிறு அம்மாவப் பாத்துக்க ஊருக்குப் போயிடுவாரா? அடடா, நல்ல புள்ள. அந்தம்மாவுக்கு ரொம்ப முடியலையோ? நீங்க இங்க வந்தது அவருக்குத் தெரியுமா? சொல்லலையா? செடியப் பொழைக்க வெச்சு ஆச்சரியம் தரணுமா? தரலாம் தரலாம்.

இதப் பிரிச்சாகணும். அழுகின பக்கத்த வெட்டிப் போட்டுட்டு, முளை இருக்கற துண்ட மறுபடி நட்டா பொழைச்சுக்கும். எனக்கு இது பழக்கம்தான். போன தடவ என் தொட்டிச் செடியப் பிரிச்சப்போ, பாதிய என்ன பண்றதுன்னு நின்னேன். என் வீட்டுக்காரரு ஆபீசுக்கு வேணும்னு கேட்டாரு. வாரம் பூரா வெளியூர்ல வேலைன்னு போயிட்டு, லீவு நாள்ல மட்டும் வீட்டுக்கு வந்து மதியம் வரைக்கும் தூங்கற மனுஷன். இத்தன வருஷத்துல இந்த வீட்டுல ஒரு பூ விரிஞ்சு பாத்ததில்ல. அவருக்கே செடி மேல ஆசை வந்துடுச்சேன்னு, பைத்தியக்காரி நான், பூரிச்சுப் போய் மண்ணு பிசைஞ்சு, கூடைக்குத் துணி தெச்சு, நட்டுக் குடுத்தேன்.

அந்தத் துணியத் தூக்கிப் போட்டுடாதீங்க. கெட்டித் துணி, இன்னும் நைஞ்சு போகல. சேற அலசினா கலர் தெரியும், வெள்ளையில நீலக் கட்டம். உங்க முதுகுக்குப் பின்னாடி ஜன்னல்ல தொங்குதே திரை, அது தெச்சப்போ மிச்சம் விழுந்தது.

திரும்பிப் பாத்துட்டீங்களா. உக்காருங்க, உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க. அவரு பாத்துக்கற அம்மாவா? அதோ, அலமாரி மேல போட்டோவுல இருக்காங்க. போய்ச் சேந்து வருஷக்கணக்காச்சு.

சனிக்கிழமை வாங்க. பூ மூடறதுக்குள்ள, காலைலயே வாங்க. அவரு உள்ள தூங்கிக்கிட்டிருப்பாரு. நீங்களே எழுப்புங்க. ஆச்சரியம் தரணும்னீங்கல்ல.